அப்பப்பாவின் றங்குப் பெட்டி: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். அப்பாவின் ஆட்டைத்திவசம் முடிந்த கையோடு பின்னறையை ஒதுக்கினோம். அப்போது அப்பப்பாவின் றங்குப் பெட்டி வெளியே வந்தது. அப்பப்பா வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்டில் வேலை பார்த்தவர். பெட்டிக்குள் ஒரு முழ உயரத்தில் பீரங்கிக் குண்டின் பித்தளை ஷெல் கோது ஒன்று இருக்கிறது. அப்பம்மா இதில்தான் பூ வைப்பாவாம். நங்கூரம் போட்ட பீங்கான் கோப்பை இரண்டு. அப்பப்பாவின் தமையன் மலாயாவில் இருந்து கொண்டுவந்த வாழைமர நோட்டு ஒரு கட்டு. நாடாவோடு ஒரு நட்சத்திரப் பதக்கம். அதன் பின்பக்கம் ஓர் இலக்கமும், சிப்பாய் என்பதும், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்பதன் சுருக்கமும், எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இல்லாத ஒரு பெயரும் பொறித்திருக்கிறது. 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று அப்பப்பா துறைமுகத்தில் கண்டெடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள்.

கொழும்பில் பழைய சாமான் வாங்கும் ஒருவர் வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே விலைக்கு எடுக்கிறேன் என்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி விற்கக் கூடாது, தனக்கு அனுப்பு, கண்ணாடி அலுமாரியில் வைக்கிறேன் என்கிறான். அம்மாவோ எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கடலில் போடு என்கிறா.

அம்மாவின் பயத்துக்குக் காரணம், அப்பா பிறகு அதே பெட்டிக்குள் போட்டுவைத்த ஒரு பொருள். தொண்ணூறுகளில் தம்பலகாமத்து வயலை உழுதபோது கிடைத்த, போரில் நின்றவர்கள் அணியும் அடையாளத் தகடு. இலக்கமும் இரத்த வகையும் மட்டும்தான் அதில் இருக்கிறது. அப்பா அதை வெளியாட்கள் யாருக்கும் காட்டியதே இல்லை.

இவற்றை என்ன செய்யலாம்? துலக்கி வைக்கலாமா? படங்களை இணைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி
உவர்மலை

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். துலக்காதீர்கள். பழப்புளியும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம், கடையில் விற்கும் பிராசோவும் வேண்டாம். குத்துவிளக்கை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை துலக்கலாம், ஆனால் அந்தப் பதக்கத்தின் பின்பக்கத்து எழுத்து ஒரு நகத்தின் ஆழம்கூட இல்லை. தேய்க்கத் தேய்க்க அந்தச் சிப்பாயின் பெயர் கரைந்துபோகும். வாசிக்க முடியவில்லை என்றால் யன்னலோரம் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுங்கள், போதும். நாடா மங்கிவிட்டதே என்று புது நாடா மாற்றவும் வேண்டாம்.

இனிப் பதக்கத்தின் கதைக்கு வருகிறேன். படத்தில் தெரிவது பர்மா நட்சத்திரம். ஆறு முனை, நடுவில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரை. நாடாவின் நடுவே அகலமான சிவப்பு, இரு புறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஒரு செம்மஞ்சள் கோடு. இந்தப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டதே 1945 மே மாதத்தில்தான். ஆகவே 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு பொழிந்த அந்தக் காலையில், இதை யாரும் கண்டெடுத்திருக்க முடியாது. அன்று உலகத்தில் எங்கேயும் இப்படியொரு பதக்கம் இல்லை.

உங்கள் அப்பப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. அந்த நாள் இந்த ஊரை அப்படி உலுக்கியிருக்கிறது. சகாயிங் என்ற கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே தீப்பிடித்தது. அது அதே துறைமுகத்தின் அடியில் எழுபது வருடத்துக்கு மேல் கிடந்து, 2018-இல்தான் கடற்படைச் சுழியோடிகளால் மேலே தூக்கப்பட்டது. சீனக்குடாவில் எண்ணெய்த் தொட்டி ஒன்று அழிந்தது. அந்தக் காலையைக் கண்ட ஒருவரின் வீட்டில் பிறகு வந்துசேர்ந்த போர்ச் சாமான் எல்லாமே அந்த ஒரு நாளோடு ஒட்டிக்கொள்வது இயல்பு. பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லக் கதை ஒரே நாளில் போய் நின்றுவிடும்.

அப்படியானால் பதக்கம் எப்படி வந்தது? போர் முடிந்த பிறகுதான் இவை ஆட்களின் கைக்குப் போயின. போருக்குப் பின் இங்கே வேலைக்கு வந்த ஒரு பழைய சிப்பாய் அப்பப்பாவின் கூட்டாளியாக இருந்திருக்கலாம். கைமாற்றுக் காசுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டு மீட்காமல் போயிருக்கலாம். பத்திரமாக வைத்திரு, வந்து வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனவராகவும் இருக்கலாம். எது என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பிரித்தானியா தன் சொந்தப் படையினருக்கு இந்த நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியாவில் இருந்து வழங்கப்பட்டவற்றில் இலக்கமும் பெயரும் இருக்கும். அந்தப் பெயர் இருப்பதால், இதற்கு உரிய குடும்பத்தைத் தேட முடியும்.

தேடுங்கள் என்றுதான் சொல்வேன். மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமையகம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. அதன் ஆவணப் பிரிவும் அங்கேதான். இலக்கம், பெயர், இரண்டு பக்கப் படம் ஆகியவற்றை வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். படைப் பதிவேட்டில் ஊரின் பெயர் இருந்தால், தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு, அங்கிருந்து வீடு வரைக்கும் போக வழி கிடைக்கும். மலையாளத்து ஆளாக இருந்தாலும் இதே வழிதான். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்திலும் பெயரைத் தட்டிப் பாருங்கள். காசு கேட்கமாட்டார்கள். அங்கே அதே இலக்கத்தோடு பெயர் இருந்தால் அவர் போரிலோ அதை ஒட்டிய காலத்திலோ இறந்தவர், அப்போது பதக்கம் வந்த வழியை வேறுவிதமாக யோசிக்க வேண்டியிருக்கும்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் பதக்கம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அந்தப் பெயரோடு. ஆனால் எழுதிக் கேட்காமல் விற்பதும், எழுதிக் கேட்காமல் கனடாவுக்கு அனுப்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கிழவருக்கு அவருடைய அரசு கொடுத்தது அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அவருடைய பேரப்பிள்ளைகள் இப்போது உங்கள் வயதில் எங்கேயோ இருப்பார்கள், தாத்தா பர்மாவுக்குப் போனார் என்று கேள்விப்பட்டது மட்டும்தான் அவர்களிடம் மிச்சம் இருக்கும்.

இது வீண் ஆசை அல்ல. பசிபிக் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள், இறந்த ஜப்பானியரின் உடலில் இருந்து உறவினர்கள் கையெழுத்துப் போட்ட கொடிகளை நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்கள். இப்போது அந்தச் சிப்பாய்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரிகனில் இயங்கும் ஒபோன் சொசைட்டி இதையே வேலையாகச் செய்கிறது. நூற்றுக்கணக்கான கொடிகள் வீடு திரும்பியிருக்கின்றன. எதிரியின் கொடியையே திருப்பிக் கொடுக்கிறார்கள். நம்மிடம் இருப்பது எதிரியின் பொருள்கூட இல்லை.

இந்தப் பழக்கம் சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் வரப்போகிறது என்று நம் துறைமுகத்தில் இருந்து வெளியே அனுப்பப்பட்ட கப்பல் அது. மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு 307 பேர் இறந்தார்கள். இன்று சுழியோடிகள் அதைப் பார்க்கப் போகிறார்கள். பார்க்கட்டும். ஆனால் அதிலிருந்து எடுத்தது என்று யாராவது ஒரு பித்தளைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அது ஒரு கல்லறையில் இருந்து பெயர்த்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்பைகள் உங்களுடையவை. 1957-இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகு இந்த ஊரில் நங்கூரக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்காத வீடு குறைவு. நீங்களும் குடியுங்கள். வாழைமர நோட்டுகளுக்குப் பெரிய விலை கிடையாது. ஜப்பானியர் மலாயாவில் கணக்கில்லாமல் அடித்துத் தள்ளிய பணம், 1945-இல் வெறும் கடதாசியாகிப் போனது. பெரியவர் அதை ஏன் கட்டோடு கப்பலில் கொண்டுவந்தார் என்பது தெரிந்தவர் யாராவது உங்கள் குடும்பத்தில் மிச்சம் இருந்தால் உடனே கேட்டு எழுதி வையுங்கள். நோட்டுகளை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். பிவிசி உறைகள் நம் உப்புக்காற்றில் பிசுபிசுத்து, தாளையும் உலோகத்தையும் கெடுக்கும்.

ஷெல் கோதைப் பற்றி ஒன்று. கவிழ்த்துப் பாருங்கள். அடித்தட்டின் நடுவில் சிறிய வட்டம் இருக்கும், அதில் ஊசி குத்திய பள்ளம் தெரிந்தால் அது சுடப்பட்ட வெறும் கோது. சுற்றிவரப் பொறித்த எழுத்துகளில் ஆண்டும், பிரித்தானிய அரசின் சொத்து என்பதற்கான, காக்கைக் காலைப் போன்ற அம்புக்குறியும் இருக்கலாம். அப்பம்மா பூ வைத்த கோது என்பதால் எனக்குப் பயமில்லை. ஆனால் உங்கள் தம்பியோ பிள்ளைகளோ இந்த ஆசையில் வேறெதையும் கொண்டுவந்துவிடக் கூடாது. மண்ணில் கிடப்பது எந்தப் போரின் பொருளாக இருந்தாலும், பள்ளம் விழாத கோதோ முனையோடு இருக்கும் குண்டோ கண்டால் தொடாமல் விலகி 119-க்கு அழைக்க வேண்டும். எண்பது வருடப் பழசு என்பதால் வெடிமருந்து செத்துப்போகாது.

இப்போது தகடு. இதற்காகத்தான் நீங்கள் எழுதினீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, மற்றதெல்லாம் இதைச் சொல்வதற்கான துணை.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அல்பங்கள் எரிந்தன, எத்தனை படங்கள் சட்டகத்தோடு புதைந்தன என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு படம், ஒரு துண்டுக் கடதாசி போதும், பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக. நிலாவெளி வீதியில் பொதுநலவாயப் போர்க் கல்லறை இருக்கிறது, புல் அளவாக வெட்டியிருக்கும், கல்லுக்குக் கல் பெயர் இருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நம் காலத்துப் போரில் மாண்ட நம் பிள்ளைகளின் கல்லறைகள் உழுது நிரவப்பட்டன. ஒரு போரின் பொருளைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கலாம், இன்னொரு போரின் பொருளை வீட்டில் வைத்திருக்கவே பயம். இப்படியிருக்கும் ஊரில் கடலில் போடு என்று ஒரு தாய் சொல்வதை நான் கோழைத்தனம் என்று எண்ணமாட்டேன்.

ஆனாலும் போட வேண்டாம். அப்பா அதை வயலிலேயே விட்டிருக்கலாம், வாய்க்காலில் எறிந்திருக்கலாம். சோதனைச் சாவடிகளுக்கு நடுவே, மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தும், கொண்டுவந்து முப்பது வருடம் காத்து வைத்திருக்கிறார். யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஏதோ ஒரு வீட்டில் கேட்பார்கள் என்று மட்டும் தெரிந்திருக்கும்.

யாருடையது என்று நீங்களும் ஊகிக்க வேண்டாம். சிங்களக் கிராமத்துத் தாயாக இருக்கலாம், மூதூர்ப் பக்கத்துத் தமிழ்த் தாயாக இருக்கலாம். இலங்கையில் காணாமல்போனவர்கள் என்று 1990 முதல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் குடும்பங்கள் பதிந்த பெயர்கள் 16,000-ஐத் தாண்டும். அவர்களில் 5,000-க்கு மேற்பட்டவர்கள் படையினரும் பொலிஸாரும். இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரிக் காத்திருக்கிறார்கள். அந்த இலக்கம் ஒரு குடும்பத்துக்குப் பதிலாக அமையக்கூடும்.

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம்தான் முதலில் பேசுங்கள் என்பேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் இருக்கிறது; ஆனால் நம் சனத்துக்கு அரசாங்க அலுவலகம் என்றாலே இருக்கும் தயக்கம் எனக்குப் புரியும், செஞ்சிலுவைக் குழு கேட்டதை வெளியே விடாது. தகட்டைத் துடைக்காமல் கடதாசி உறையில் போடுங்கள். எந்த வயல், எந்த வரம்புப் பக்கம், எந்தப் போகத்து உழவு, அப்போது பக்கத்தில் வேறென்ன கிடந்தது, இவையெல்லாம் உங்கள் வீட்டில் யாருக்கு நினைவிருக்கிறதோ அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். இடம் தெரியாத தகட்டால் பாதிப் பயன்தான். அந்த இடத்தை நீங்களாகப் போய்க் கிண்டிப் பார்க்க வேண்டாம். எலும்பு எதுவும் வெளிப்பட்டால் அதற்கு நீதவானின் கட்டளை வேண்டும், இல்லாவிட்டால் சாட்சியம் கெட்டுவிடும்.

முகநூலில் இலக்கத்தைப் போடுவதும் கூடாது. தம்பிக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். எங்கேயோ ஒரு தாய் தன் பிள்ளையின் இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருப்பா. அவ அதை ஒரு கைப்பேசித் திரையில், கீழே நூறு பேர் சண்டை பிடிக்கும் பதிவில் காணக் கூடாது. கொழும்புக்காரருக்கு அனுப்பிய படத்தில் தகடும் இருந்ததா? இருந்தால் அந்தப் படத்தை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். இப்படியான தகடுகளை விலைக்கு வாங்கிச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவரிடம் எதையும் விற்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம், விலை குறைவு என்பதற்காக அல்ல.

தம்பிக்கு அந்த ஷெல் கோதின் படத்தையும், அப்பம்மா பூ வைத்த கதையையும் அனுப்புங்கள். ஊருக்கு வரும்போது அதில் அவனே பூ வைக்கட்டும்.

செஞ்சிலுவைக் குழுவிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தெரியாமல் கொடுத்துவிட்டு வந்தால் அவவின் பயம் தீராது. அந்த வயலில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவ அவதானே, எந்த வரம்பு என்று உங்களைவிட அவவுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
அண்ணா