ஊராட்சியில் பணம் இல்லை, ஆனால் பணத்துக்கான காகிதம் இருக்கிறது

திருவண்ணாமலை மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டுக்குப் பக்கத்து இடத்தில் மரச்செக்கு போட நினைக்கிறேன். மொத்தம் 8 லட்சம் ஆகும். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால், எங்களிடம் நிதி எதுவும் இல்லை என்கிறார்கள். செக்கு விற்பவரோ உடனே முன்பணம் கட்டச் சொல்கிறார். நான் எங்கே போக வேண்டும்?"

முதலில், அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். அரசு மானியம் வங்கிக் கடனோடு சேர்ந்துதான் வரும். கடன் அனுமதியாகும் முன்பே இயந்திரம் வாங்கித் தொழிலைத் தொடங்கிவிட்டால், புதுத் தொழிலுக்கான திட்டங்களில் உங்களுக்கு இடமில்லாமல் போகலாம். விலைப்புள்ளி (கொட்டேஷன்) மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

ஊராட்சியில் சொன்னது உண்மைதான். தொழில் மானியம் அங்கே கிடையாது, மாவட்ட தொழில் மையத்தில்தான் கேட்க வேண்டும். அதற்காக ஊராட்சியை விட்டுவிடாதீர்கள். கொட்டகை கட்டவும் மோட்டார் பொருத்தவும் அனுமதி தருவது ஊராட்சிதான். அதைவிட முக்கியமானது, உங்கள் இடம் கிராமத்தில்தான் இருக்கிறது என்று காட்டும் ஊரகப் பகுதிச் சான்று. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம். உங்கள் 8 லட்சத்துக்கு இந்த வித்தியாசமே 80,000 ரூபாய். அந்தச் சான்று ஊராட்சியிலா, வி.ஏ.ஓ.விடமா என்பதைத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு வாங்கிவிடுங்கள்.

இந்தத் திட்டத்தில் உங்கள் கைப்பணம் 5 சதவீதம், அதாவது 40,000 ரூபாய். மானியம் 2,80,000. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான இன்னொரு மத்தியத் திட்டத்திலும் 35 சதவீதம் உண்டு. ஆனால் அங்கே கைப்பணம் 10 சதவீதம், மானியக் கணக்கும் பெரும்பாலும் இயந்திரத்தை வைத்துத்தான். மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டத்தில் மானியம் 25 சதவீதம். ஒரே தொழிலுக்கு இரண்டு மானியம் வாங்க முடியாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலாவதைத்தான் கேட்பேன். காரணம், அதில் நடைமுறை மூலதனத்தையும், அதாவது சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டத் தேவையான பணத்தையும், திட்டச் செலவில் சேர்க்கலாம். செக்குத் தொழிலில் பலர் தடுமாறுவது இங்கேதான். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ கடலைப்பருப்பு வேண்டும். அறுவடைக் காலத்தில், விலை இறங்கியிருக்கும்போது வாங்கி வைக்கக் கையில் காசு இருந்தாக வேண்டும். 8 லட்சத்தையும் செக்குக்கும் கொட்டகைக்குமே போட்டுவிட்டால், முதல் மூட்டைக்கே வட்டிக்கு வாங்க நேரிடும். அதனால் திட்ட அறிக்கையில் சரக்குக்கென்று தனித்தொகை எழுதுங்கள். புண்ணாக்கு விற்று வரும் வருமானத்தையும் விடாமல் காட்டுங்கள்.

அப்புறம், மானியம் கையில் வரும் பணம் இல்லை. மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடப்பதைப் பார்த்தபின்தான் கடனில் கழியும். அதுவரை தவணை கட்டியாக வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கு இந்த அளவிலான கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லுங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், யாருக்கும் கட்டணம் தர வேண்டாம். அது கையில் இருந்தால் மின் இணைப்பு கேட்கும்போதும் உதவும். 12 கிலோவாட்டுக்குள் இருக்கும் குறுந்தொழில் கூடங்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவு உண்டு. விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டு வாங்காவிட்டால் வணிகக் கட்டணத்தில் போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவை விற்பனை தொடங்குமுன் எடுத்துவிடுங்கள்.

திட்டங்களுக்கு ஆண்டுதோறும் இலக்கு உண்டு. எனவே தொழில் மையத்தில் முதல் கேள்வியாக, இந்த ஆண்டு ஒதுக்கீடு மீதம் இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது ஆதார், குடும்ப அட்டை, படிப்புச் சான்று, இடத்தின் பத்திரம், செக்கின் விலைப்புள்ளி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.