கிட்டாரில் ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன் என்றால் என்ன? கை ஏன் தடுமாறுகிறது?

கம்பிகளை எந்த இடத்தில் கீழ்நோக்கி, எந்த இடத்தில் மேல்நோக்கித் தட்ட வேண்டும் என்ற ஒழுங்குதான் ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன்.

தொடக்கத்தில் எல்லோரும் கற்கும் ஒன்று: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். நாலு எண்ணிக்கையை எட்டு அரைகளாகப் பிரித்து, "ஒண்ணு-ம், ரெண்டு-ம், மூணு-ம், நாலு-ம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எண் வரும்போது கை கீழே, "ம்" வரும்போது மேலே. இதில் "மூணு" வரும்போது கை கீழே போகும், ஆனால் கம்பியைத் தொடாது. ஒண்ணுக்கு அடுத்த "ம்"மிலும் அப்படியே, காற்றில்தான் மேலே வரும்.

தடுமாற்றம் பிறப்பது இங்கேதான். சத்தம் வேண்டாத இடத்தில் கையையே நிறுத்திவிடுகிறோம். நின்ற கை மறுபடி கிளம்பும்போது தாளம் நழுவிவிடும். வேலூர் கோட்டைப் பக்கம் பூங்காவில் குழந்தையை ஊஞ்சலில் ஆட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் தள்ளுவதில்லை, சில முறை விட்டுவிடுகிறோம். ஊஞ்சல் அதற்காக நிற்பதில்லையே! கையும் அப்படித்தான் ஆட வேண்டும்.

இடது கை விரல்களைக் கம்பிகள்மேல் லேசாக வைத்து ஒலியை அடக்கிவிட்டு, நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை வேகத்தில் பத்து நிமிடம் பழகுங்கள். கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல்களை வைக்கும் அமைப்பு) மாற்றுவதெல்லாம் அப்புறம். சத்துவாச்சாரியில் மாடி அறையில் நான் முதல் வாரம் முழுக்க இதை மட்டும்தான் செய்தேன், கை தானாகப் பழகியது. மேலே வரும்போது ஆறு கம்பியையும் உரச வேண்டாம், மெல்லிய மூன்று போதும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி பேட்டர்ன் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, இந்த ஒன்றே நாலு எண்ணிக்கையில் வரும் ஏராளமான பாட்டுகளுக்குப் பொருந்தும்.