லினக்ஸில் புரோகிராம் மெயில் அனுப்ப லோக்கல்ஹோஸ்ட் 25ஆம் போர்ட்டா, சென்ட்மெயில் கட்டளையா?

சென்ட்மெயில் கட்டளைதான். 1980களின் அந்தப் பழைய மென்பொருளை நிறுவ வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம், ஓபன்எஸ்எம்டிபிடி ஆகிய மெயில் சர்வர்களில் எது இருந்தாலும் அதே பெயரில் ஒரு கட்டளை வரும்.

போர்ட்டில் நீங்களே எஸ்எம்டிபி (மெயில் சர்வர்களின் பேச்சு மொழி) பேசினால், 4-ல் தொடங்கும் எண்ணோடு தற்காலிக மறுப்பு வந்தாலும் சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும் மெயிலைப் பத்திரப்படுத்தி மறுபடி அனுப்பும் வேலை உங்கள் தலையில் விழும். போஸ்ட்ஃபிக்ஸின் சென்ட்மெயில், டீமன் (பின்னணியில் ஓடும் மெயில் சர்வர்) நின்றிருந்தாலும் மெயிலை வரிசையில் போட்டு வைக்கும். மெயில்எக்ஸ் என்ற இன்னொரு மெயில் கட்டளையும் வேண்டாம்: அதன் '-ஏ' ஆப்ஷன் ஒரு வகை மெயில்எக்ஸில் இணைப்பு, இன்னொரு வகையில் ஹெட்டர்.

முழுப் பாதையையே எழுதுங்கள்: /யுஎஸ்ஆர்/எஸ்பின்/சென்ட்மெயில். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) எஸ்பின் பெரும்பாலும் இருக்காது. '-டி' (-t) கொடுத்தால் டூ, சிசி, பிசிசி ஹெட்டர்களிலிருந்தே முகவரிகளை எடுத்துக்கொண்டு பிசிசியை நீக்கிவிடும். '-ஐ' கட்டாயம். அது இல்லாவிட்டால், ஒரே ஒரு புள்ளி மட்டும் உள்ள வரியைக் கண்டதும் மெயில் முடிந்தது என்று மிச்சத்தை விட்டுவிடும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, என்றோ ஒரு நாள் லாக் ஒட்டிய மெயிலில் பாதியைக் காணோம் என்று தேட வைக்கிற ரகம் இது. '-எஃப்' தருவது பவுன்ஸ் (மெயில் போய்ச் சேரவில்லை என்ற அறிவிப்பு) திரும்பி வரவேண்டிய முகவரி. தராவிட்டால், வெப் புரோகிராம் என்றால் மெயில் வெப் சர்வரின் யூசர் பெயரில் போய், பவுன்ஸ்கள் யாரும் திறக்காத பெட்டியில் குவியும். அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும் இந்த முகவரியின் டொமைனை வைத்துத்தான்.

வரி முடிவுக்கு எல்எஃப் (\n) மட்டும் போதும், சிஆர் (\r) சேர்க்காதீர்கள்.

ஷெல் வழியாக ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டி ஓட்டாதீர்கள், ஆர்க்யூமென்ட்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். 2016இல் பிஎச்பிமெயிலர் என்ற மெயில் அனுப்பும் லைப்ரரியில் வெளிவந்த ஓட்டையே, அனுப்புநர் முகவரி வழியாகச் சென்ட்மெயிலுக்குக் கூடுதல் ஆப்ஷன்களை நுழைக்க முடிந்ததுதான். சப்ஜெக்டில் வரும் புதுவரிக் குறிகளையும் நீக்குங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் அங்கேயே ஒரு பிசிசி வரியைச் சேர்த்துவிடுவார்.

எக்ஸிட் கோட் 0 என்றால் வரிசையில் ஏற்றாயிற்று என்றுதான் அர்த்தம், போய்ச் சேர்ந்தது என்று அல்ல. 75 வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலுங்கள். 64 என்றால் ஆப்ஷனைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

டெர்மினலில் போகிற மெயில் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டுவது) சர்வீஸிலிருந்து மட்டும் போகவில்லையா? அந்தச் சர்வீஸின் யூனிட் ஃபைலில் (அமைப்புக் கோப்பில்) 'நோநியூபிரிவிலேஜஸ்' இருக்கிறதா பாருங்கள். மெயிலை வரிசையில் போடும் போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்டிராப், செட்ஜிஐடி (கட்டளைக்கு உரிய குரூப்பின்) உரிமையோடு ஓடினால்தான் மெயில்டிராப் ஃபோல்டரில் எழுத முடியும். அந்த அமைப்பு உரிமையைத் தடுப்பதால் லாகில் 'பெர்மிஷன் டினைட்' வரும்.

கன்டெய்னரில் முழு மெயில் சர்வர் வேண்டாமென்றால் எம்எஸ்எம்டிபி என்ற சிறு புரோகிராமைப் போடலாம், ஆப்ஷன்கள் இதேதான். ஆனால் அதற்கு வரிசை கிடையாது. நெட்வொர்க் அறுந்தால் தோல்விக் கோடோடு திரும்பிவிடும், மறுமுயற்சி உங்கள் புரோகிராமின் பொறுப்பு.