ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல் வண்டி) கேள்வி பதில்: பாறை ஏறுற கிராலர்ல பேட்டரியை எங்க வைக்கிறது?

கேள்வி: சார், என்கிட்ட ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 ரெண்டாவது மாடல் இருக்கு. பாறையில பாதி ஏறினதும் முன் சக்கரம் தூக்கிக்கிட்டு அப்படியே மல்லாக்க விழுந்துடுது. பேட்டரி பின்பக்க தட்டுல இருக்கு. அதை முன்னாடி மாத்துனா போதும்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமா?
- கோவை வாசகர்

பதில்: பாதி நிஜம். முன்னாடி மாத்துங்க, ஆனா அதை விட முக்கியம் கீழ இறக்குறது, அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. உங்க வண்டி வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல உள்ள தூரம், 313 மில்லிமீட்டர். எடை முன்ன பின்ன சரிபாதி, மொத்த எடையோட மையம் தரையில இருந்து 90 மில்லி உயரத்துல இருக்குன்னு வச்சுக்கோங்க, அப்போ 60 டிகிரி சரிவு வந்தா பின்னாடி கவுந்துடும். முன்பக்கம் 60 சதவீதம் எடையைக் கொண்டு வந்தா 64 டிகிரி வரைக்கும் தாங்கும். சரி, எடையை முன்னாடி தள்ளவே இல்ல, உயரத்தை மட்டும் 90ல இருந்து 75 மில்லி ஆக்குறீங்க, அதுக்கும் அதே 64 டிகிரிதான் வருது! ரெண்டையும் சேர்த்து செஞ்சா 68. நிஜத்துல ஸ்பிரிங் அமுங்கி பாடி சாயுறதால எல்லாமே கொஞ்சம் குறைவாத்தான் வரும், ஆனா எதை மாத்துனா எவ்வளவு கிடைக்குதுங்குறது இதே மாதிரிதான்.

இன்னொன்னு, முன்னாடி தள்ளுறது இலவசம் இல்ல. 90 மில்லி உயரத்துலயே 60 சதவீதம் முன்னாடி வச்சீங்கன்னா இறங்கும்போது 54 டிகிரியிலயே மூக்கு குத்திடும், சரிபாதியா இருந்தப்போ அதுவும் 60 இருந்துச்சு. பக்கவாட்டு சரிவுல முன்ன பின்ன மாத்துறது பெருசா ஒன்னும் பண்ணாது, உயரம் குறைச்சா மட்டும்தான் அங்க பலன். அதனால என் கட்சி எப்பவும் முதல்ல உயரம், அப்புறம்தான் முன்பக்கம், முன்பக்கமும் 55ல இருந்து 60க்குள்ள நிறுத்திக்கிறது நல்லது.

இப்ப பேட்டரிக்கு வருவோம். 2.4 கிலோ வண்டியில 200 கிராம் பேட்டரியை 100 மில்லி முன்னாடி நகர்த்துனா மையம் நகருறது வெறும் 8 மில்லி சொச்சம், அதாவது முன்பக்க பங்கு 3 சதவீதம் கூட ஏறாது. அதே 200 கிராமை பித்தளை வெயிட்டா முன் சக்கரம் ரெண்டுக்குள்ளயும் நூறு நூறா போட்டா சரிபாதி வண்டி 54 சதவீதம் கிட்ட வந்துடும், மையமும் கொஞ்சம் இறங்கும். எடை சக்கரத்துல, ஆக்சில்ல இருந்தா இன்னொரு லாபம், அது ஸ்பிரிங் மேல உட்காரல, அதனால பாடி ஆடாது. என்ன, ஸ்டியரிங் சர்வோ (முன் சக்கரத்தை திருப்புற மோட்டார்) திணறும், சின்ன சர்வோ இருந்தா முதல்ல அதை மாத்துங்க.

கேள்வி: முன்ன பின்ன எவ்வளவு எடைன்னு வீட்டுலயே எப்படி பாக்குறது?
- ஈரோடு வாசகி

பதில்: சமையலறை டிஜிட்டல் தராசு போதும்மா. முன் சக்கரம் ரெண்டும் தராசுல, பின் சக்கரம் தராசு உயரத்துக்கே அடுக்கின புத்தகத்து மேல, வண்டி மட்டமா இருக்கணும். அப்புறம் திருப்பி வச்சு பின்பக்கம். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டித்தான் பாக்கணும், சிலர் பாடியை கழட்டிட்டு பாத்துட்டு 60 சதவீதம் வந்துடுச்சுன்னு சந்தோஷப்படுறாங்க.

கேள்வி: அண்ணே, டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 டிஃபெண்டர் வச்சிருக்கேன். கூரை மேல கேரியர், அதுல கேன், லைட் பாருன்னு நிறைய போட்டிருக்கேன், பார்க்க சூப்பரா இருக்கு, ஆனா சின்ன சரிவுலயும் பக்கவாட்டுல உருளுது. பேட்டரியை இடப்பக்கமா வலப்பக்கமா வைக்கணும்?
- மதுரை வாசகர்

பதில்: தம்பி, தலையில குடத்தை வச்சுக்கிட்டு வரப்புல ஓடச் சொன்னா வண்டி என்ன பண்ணும்? கூரையில ஏத்துன 100 கிராமை சரி பண்ண கீழ எவ்வளவு பித்தளை போடணும்னு யோசிச்சு பாருங்க. போட்டோ எடுக்குற அன்னைக்கு கேரியரை மாட்டிக்கோங்க, பாறைக்கு போறப்ப கழட்டிடுங்க.

இடமா வலமாங்குற கேள்வி நல்ல கேள்விதான். மோட்டார் டிரைவ் ஷாஃப்டை முறுக்கும்போது சேஸி (வண்டியோட அடிச்சட்டம்) எதிர்ப்பக்கம் முறுக்கிக்கும், ஒரு பக்கம் தூக்கும். சக்கரத்தை பிடிச்சுக்கிட்டு லேசா திராட்டில் கொடுத்து பாருங்க, எந்தப் பக்கம் தூக்குதோ அந்தப் பக்கம் பேட்டரி. ஆனா உங்க வண்டியில போர்ட்டல் ஆக்சில் இருக்கு, சக்கரத்துக்கிட்டயே கியர் குறைப்பு நடக்குறதால ஷாஃப்டுல முறுக்கு கம்மியாத்தான் இருக்கும், அதனால இதுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம், நடுவுல தாழ்வா வச்சாலே போதும்.

கேள்வி: பழைய 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியைத்தான் ஓட்டுறேன். லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) வாங்குனா பெரிய 5000 எம்ஏஎச் வாங்கலாமா?
- சிங்கப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். ஆறு செல் நிக்கல் பேட்டரியே 350 கிராமுக்கு மேல வரும், பெரிய லைப்போ வாங்குனா அந்த எடையில பெரும்பகுதியை திரும்ப உள்ள கொண்டு வந்துடுவீங்க. கிராலர் மெதுவா போற வண்டி, பந்தய வண்டி மாதிரி கரண்ட் குடிக்காது. 3எஸ் (மூணு செல்) 1300ல இருந்து 2200 எம்ஏஎச்சுக்குள்ள ஒன்னு வாங்குங்க, 100ல இருந்து 200 கிராமுக்குள்ள கிடைக்கும், சின்னதா இருக்குறதால முன் ஷாக் டவர் (ஷாக் அப்சார்பர் மாட்டுற தூண்) கிட்ட தாழ்வா சொருகவும் இடம் கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தை கட்டுப்படுத்துற பெட்டி) 3எஸ், அதாவது 11.1 வோல்ட் தாங்குமான்னு பாருங்க, தாங்கலைன்னா சின்ன 2எஸ் போதும். ஈஎஸ்சியில லைப்போ கட்ஆஃப் (வோல்ட் ரொம்ப இறங்குனா மோட்டாரை நிறுத்துற வசதி) ஆன் பண்ணாம ஓட்டாதீங்க, நிக்கல்ல ஓட்டுன பழக்கத்துல அப்படியே விட்டு பேட்டரியை காலி பண்ணினவங்க நிறைய. ஓட்டாத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க. முன்னாடி மாட்டுறப்போ வயர் டிரைவ் ஷாஃப்ட்ல உரசாம கட்டுங்க, சஸ்பென்ஷனை கையால முழுசா அமுக்கி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி ஒருதரம் பாத்துட்டு அப்புறம் பேட்டரி பிளக்கை மாட்டுங்க.