இலங்கையின் வன்னிப் பகுதிக் காடும் குளமும் மாறுவதை நாடளாவிய திட்டத்தில் எப்படிக் கண்காணிப்பது?

முதலில் எந்த மாதத்துச் செய்மதிப் படத்தைப் பார்ப்பது என்று தீர்மானியுங்கள். கார்த்திகை, மார்கழியில் முகில் மறைக்கும். கடும் வறட்சியில் தேக்கு இலையுதிர்த்து, காடழிந்ததுபோல் தெரியும். மாசி நல்லது: காலபோக (மழைக்கால) நெல் அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும், காடு பச்சையாக நிற்கும். ஆண்டுதோறும் அதே மாதத்துப் படத்தையே ஒப்பிடுங்கள். சென்டினல்-2 செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். லாண்ட்சாட் செய்மதியில் 30 மீட்டர், ஆனால் 1984 வரை பின்னோக்கிப் பார்க்கலாம்.

குளத்தில்தான் அதிகம் ஏமாறுவோம். ஆகாயத்தாமரை மூடினால் தண்ணீர்ப்பரப்பு தரையாகத் தெரிந்து, குளமே சுருங்கியதாகக் கணக்கு வரும். ஆகவே துருசடி (மதகடி) அளவுகோலின் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.

காட்டில் 20×20 மீட்டர் துண்டுகள் போதும். பாலை, வீரை, முதிரை மரங்களின் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் அளந்து, அந்த இடத்திலேயே வர்ணக்கோடு போடுங்கள். கோடில்லாவிட்டால் அடுத்தமுறை ஒரு சாண் மேலே அளப்பார்கள். வளர்ந்த மரம் மெலிந்ததாகப் பதிவாகும்.