ஐசியூவிலிருந்து ஹாஸ்பிஸுக்கு: பாண்ட் தடுக்குமா, கேஸ் வருமா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐசியூவில் ஆறு வருடங்களாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிழைக்க வழியில்லாதவர்களைக் கடைசி மூச்சு வரை குழாயும் ஊசியுமாகவே பார்த்து மனம் விட்டுப்போயிற்று. குணமாகாத நோயாளிகளைக் கடைசி நாட்களில் வலி குறைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் ஒன்றில் சேர நினைக்கிறேன். நோயாளிகளின் வீடுகளுக்கும் போக வேண்டியிருக்கும். ஆனால் 14 மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி கொடுத்தபோது, இரண்டு வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். என் அசல் சான்றிதழ்களும் அவர்களிடம்தான். பணம் கட்டாமல் போனால் வேறெங்கும் வேலை பார்க்க விடமாட்டோம் என்கிறார்கள். அம்மாவோ, "சாகப்போகிறவங்களைப் பார்க்கிற வேலை, நாளைக்கு உன் மேல கேஸ் வந்தா?" என்று பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, பாண்ட் பற்றிய உங்கள் பயம் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது. அம்மாவின் பயத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். முதலில் பாண்டை முடித்துவிடுவோம்.

உங்களைக் கட்டாயப்படுத்தி வேலையில் வைத்திருக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக்கூடாது என்று தடுப்பதும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி செல்லாது. அதற்காகப் பாண்டே வெற்றுக் காகிதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கிற செலவும் முறையும் வேறு. ஆனாலும் நிர்வாகம் அந்தத் தீர்ப்பைக் காட்டத்தான் செய்யும்.

நீங்கள் காட்ட வேண்டியது அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74. பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். ஆகவே பயிற்சிக்கு எவ்வளவு செலவாயிற்று என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். வெளியே அனுப்பிக் கட்டணம் கட்டினார்களா, இல்லை டியூட்டிக்கு நடுவே சீனியர் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தார்களா? இரண்டாவதானால் அவர்கள் கேட்பதில் பலமே இல்லை. உண்மையிலேயே செலவு செய்திருந்தால், 24 மாதத்தில் 14 மாதம் முடித்துவிட்டதைச் சொல்லி, மீதி 10 மாதத்துக்கு உரிய பங்கைத் தருவதாகப் பேசிப் பாருங்கள். கோர்ட்டுக்கு அலைவதைவிட அது மேல்.

சான்றிதழை அடகுப்பொருள் போல வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. பாக்கிக்காக ஒருவர் பொருளைப் பிடித்து வைக்கும் பொதுவான உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 171 வங்கி போன்ற சிலருக்குத்தான் தருகிறது. அந்தப் பட்டியலில் மருத்துவமனை கிடையாது. எந்தெந்தச் சான்றிதழ் என்று எழுதி மின்னஞ்சலில் கேளுங்கள். தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் சிவில் வழக்கு. பெரும்பாலும் நோட்டீஸிலேயே கைக்கு வந்துவிடும். ஆறு வருடம் முடித்திருப்பதால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு. அதை பாண்ட் பணத்துக்குக் கழித்துக்கொள்ள விடாதீர்கள்.

இனி அம்மாவின் கேள்வி.

உயிரைப் போக்குவதற்காக ஊசி போடுவது குற்றம், அதில் மாற்றமே இல்லை. ஆனால் மீள முடியாத நோயாளிக்குச் செயற்கைச் சிகிச்சையைத் தவிர்ப்பதோ நிறுத்துவதோ, உரிய நடைமுறைப்படி செய்தால், சட்டம் அனுமதிக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதிதான் என்றது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கியது. இந்தச் சட்டப் பாதை தொடங்கியதே ஒரு நர்ஸின் வழக்கில்தான்: அருணா ஷான்பாக், 2011. நாற்பது வருடத்துக்கும் மேல் நினைவின்றிக் கிடந்த அவரை, 2015-இல் இறக்கும் வரை அவருடைய மருத்துவமனையின் நர்ஸ்களே தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டார்கள். அவரை வாழவிட வேண்டும் என்ற அவர்களின் விருப்பத்துக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. சிகிச்சையை நிறுத்தும் முடிவு மருத்துவர்களும் குடும்பமும் எடுப்பது, உங்களுடையது அல்ல. ஐசியூவில் டாக்டர் பத்தடி தூரத்தில் இருப்பார். ஒரு வீட்டில் இரவு இரண்டு மணிக்கு நீங்கள் மட்டும்தான். கவனக்குறைவால் மரணம் என்ற குற்றத்துக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-இல் ஐந்து வருடம் வரை சிறை. மருத்துவ நடைமுறையின்போது நேர்ந்தால் மருத்துவருக்கு இரண்டு வருடம்தான். அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும், நர்ஸுக்கு இல்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

அதனால் உங்களைக் காப்பது உங்கள் கையெழுத்து. "இரவு 2.10. வலி பத்துக்கு எட்டு. மூச்சு நிமிடத்துக்கு 16. டாக்டர் ஃபோனில் சொன்னபடி மார்பின் மாத்திரை 10 மி.கி. மகள் உடன் இருந்தார்." இப்படி அப்போதே எழுதுங்கள். ஃபோன் உத்தரவுக்கு டாக்டரின் கையெழுத்தை எத்தனை மணி நேரத்துக்குள் வாங்க வேண்டும் என்று அந்த ஹாஸ்பிஸில் எழுத்து விதி இருக்கிறதா என்று சேருமுன்பே கேளுங்கள்.

மார்பின் கடும் வலிக்கான மருந்து என்றாலும், அதன் பெயரைச் சொன்னதும் போதைப்பொருள் சட்டம் 1985 வந்துவிடும். 2014 திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வாங்கி வைத்து நோயாளிக்குத் தருவது எளிதாகியிருக்கிறது. நீங்கள் போகும் இடத்துக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், நல்ல ஹாஸ்பிஸ் சந்தோஷமாகக் காட்டும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். நோயாளி இறந்துவிட்டார். மகன் மீதி மாத்திரைப் பட்டையை உங்கள் கையில் வைத்து, "சிஸ்டர், இதை நீங்களே கொண்டுபோங்க, வேற யாருக்காவது உதவும்" என்கிறார். அன்பில் சொல்கிறார். அதை அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், கணக்கில் இல்லாத மார்பினோடு ரோட்டில் நிற்பவர் நீங்கள். மீதியை என்ன செய்வது என்று நிறுவனத்தின் எழுத்து விதி சொல்ல வேண்டும். அதன்படி குடும்பத்தார் முன்னால் எண்ணி, எழுதி, அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். விதி இல்லாவிட்டால் தொடாதீர்கள், பொறுப்பு டாக்டரை அழையுங்கள்.

வீடுகளுக்குப் போகிற வேலை என்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை நிமித்தமாக நீங்கள் போகும் வீடும், நிறுவனம் அனுப்பும் வண்டியும் பணியிடம்தான். நோயாளியின் உறவினர் தவறாக நடந்தாலும் புகார் செய்யலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: ஹாஸ்பிஸின் நியமனக் கடிதம் கைக்கு வரட்டும். தொழில்முறைக் காப்பீட்டில் உங்கள் பெயரும் சேருமா என்று அதில் பாருங்கள். அதன் பிறகு ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பி, நோட்டீஸ் காலம் முழுவதும் ஒரு டியூட்டியும் விடாமல் பாருங்கள். பாண்ட் பேச்சை அந்த நாட்களிலேயே முடித்து, ரிலீவிங் ஆர்டரோடும் சான்றிதழோடும் வெளியே வாருங்கள்.