முன் ஃபோர்க்கும் அதன் மாற்றுகளும்: வாசகர் கேள்வி – பதில்

வழக்கமான டெலஸ்கோப்பிக் ஃபோர்க் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களும் ஸ்பிரிங்கும்) இல்லாத வண்டிகளைப் பற்றி வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

பழைய பஜாஜ் சேத்தக் வைத்திருக்கிறேன். முன் பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்துகிறது. பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று சத்தம். ஷாக் அப்சார்பர் புதிதாகப் போட்டும் இரண்டும் போகவில்லை. ஃபோர்க்கையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? – ஆற்காடு வாசகர்

அவசரப்படாதீர்கள். இரண்டும் வெவ்வேறு விஷயம்.

மூக்குக் குத்துவது பழுதல்ல, அந்த வண்டியின் பிறவிக் குணம். சேத்தக்கில் இருப்பது டிரெய்லிங் லிங்க். லிங்க் என்பது சக்கரத்தை ஃபோர்க்கோடு இணைக்கும் குட்டைக் கை. லிங்க் சுழலும் அச்சு முன்னால் இருக்கும், சக்கர ஆக்சில் அதற்குப் பின்னால் இருக்கும். பிரேக் ஷூவைத் தாங்கும் தட்டும் அதே லிங்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிரேக் பிடித்ததும் சுற்றும் டிரம் அந்தத் தட்டையும் தன்னோடு இழுக்கும். ஆக்சில் பக்கம் மேலே எழும், ஸ்பிரிங் நசுங்கும், மூக்கு தாழும். பழைய ஹோண்டா சூப்பர் கப்பில் ஆக்சில் லிங்க்கின் முன்பக்கம் இருப்பதால் நேர் எதிராக நடக்கும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் எழும்பும். 1955 முதல் பிஎம்டபிள்யூ போட்ட ஏர்ல்ஸ் ஃபோர்க்கிலும் இதே கதைதான். எந்த ஷாக் அப்சார்பர் போட்டாலும் இந்தக் குணம் முழுதாக மாறாது.

சத்தத்துக்கு வருவோம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாதபடி அடியில் கட்டை வையுங்கள். சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் ஹேண்டில் கழுத்தில் தெரிந்தால் கோன்செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) தளர்ந்திருக்கிறது. அடுத்து, சக்கரத்தை முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் பிடித்துப் பக்கவாட்டில் முறுக்குங்கள். லிங்க்கே ஆடினால் உள்ளே இருக்கும் நீடில் பேரிங் (ஊசிபோல மெல்லிய உருளைகள் கொண்டது) தேய்ந்திருக்கிறது. லிங்க் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் ஹப் பேரிங். எங்கள் கணிப்பு நீடில் பேரிங்தான். கழற்றியதும் அது ஓடும் பின்னை நகத்தால் வருடிப் பாருங்கள். வரிவரியாகத் தட்டுப்பட்டால் பின்னையும் சேர்த்து மாற்ற வேண்டும். புது பேரிங்கைப் பழைய பின்னில் ஏற்றினால் சத்தம் சீக்கிரமே திரும்பிவிடும். ஷாக் அப்சார்பரின் மேல் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். புது ஷாக்குக்குப் பழைய புஷ்ஷையே போட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் மட்டும் ஃபோர்க் வளைவைப் பற்றி யோசிக்கலாம். கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்த மட்டும் விடாதீர்கள்.

இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் நாங்கள். இத்தாலிய பைக்கான பிமோட்டா டெசி போல ஹப்-சென்டர் ஸ்டியரிங் வைத்து ஒரு பைக் செய்ய ஆசை. எதில் தொடங்குவது? – காட்பாடி மாணவர்கள்

ஆசை நியாயமானதே. டெசியும் அதை வடிவமைத்த பியர்லூயிஜி மார்கோனியின் கல்லூரி ஆய்வேட்டில் தொடங்கியதுதான். ஆனால் அது விற்பனைக்கு வர 1990களின் தொடக்கம் வரை ஆனது. உங்களுக்கு இருப்பது இரண்டு செமஸ்டர். ஹப்-சென்டரில் சக்கரம் திரும்பும் அச்சு ஹப்புக்குள்ளேயே இருக்கும். அதைச் சுற்றிப் பெரிய விட்டமுள்ள பேரிங், அதற்கேற்ற ஹப், சக்கரத்தை அணைத்தபடி வரும் ஸ்விங் ஆர்ம், ஹேண்டிலிலிருந்து அங்கே போய்ச் சேர ராடுகள் என எல்லாவற்றையும் லேத்தில் புதிதாகக் கடைய வேண்டும். செலவும் நாளும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஹொசாக் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நார்மன் ஹொசாக் வகுத்த இதே வழியைத்தான் பிஎம்டபிள்யூ 2004-ல் கே1200எஸ் வண்டியில் டியோலீவர் என்ற பெயரில் கொண்டுவந்தது. சக்கரத்தைப் பிடிக்க ஸ்பிரிங் இல்லாத ஒரு முழு ஃபோர்க். அதன் மேல்பகுதியை ஃபிரேமோடு இணைக்க, கார்களில் இருப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விஷ்போன் (ஏ வடிவக் கை). ஸ்பிரிங் வேலைக்கு ஒரே ஒரு மோனோஷாக். ஹேண்டில் திருப்பத்தைக் கீழே கொண்டுபோகக் கத்தரிபோல மடங்கும் ஒரு லிங்க். சாதாரணச் சக்கரமும் சாதாரண ஹப்பும் போதும்.

வெல்டிங் மெஷினைத் தொடும் முன் காகிதத்தில் டிரெயிலை முடிவு செய்யுங்கள். ஸ்டியரிங் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் டிரெயில். விஷ்போன்கள் ஃபோர்க்கோடு சேரும் இரண்டு பால் ஜாயின்ட்களின் (பந்து மூட்டுகளின்) மையங்கள் வழியே போகும் கோடுதான் இங்கே ஸ்டியரிங் அச்சு. சக்கர ஆரத்தை ரேக் கோணத்தின் (அச்சு செங்குத்திலிருந்து சாயும் கோணம்) சைனால் பெருக்கி, ஆஃப்செட்டை (அச்சுக்கு முன்னால் ஆக்சில் தள்ளியிருக்கும் தூரம்) கழித்து, கோசைனால் வகுத்தால் டிரெயில் கிடைக்கும். ஆரம் 300 மி.மீ., ரேக் 25 டிகிரி, ஆஃப்செட் 35 மி.மீ. என்றால் டிரெயில் சுமார் 101 மி.மீ. தெருவில் ஓடும் பைக்குகள் பெரும்பாலும் 90 முதல் 110 வரை நிற்கும். சஸ்பென்ஷன் 10 மி.மீ. நகரும்போதெல்லாம் இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். விஷ்போன்களின் நீளமும் சாய்வும் சரியில்லை என்றால் பாதி நகர்விலேயே டிரெயில் எங்கோ போய்விடும்.

பலரும் கோட்டை விடுவது பிரேக் விசையில். வண்டியும் ஆளுமாக 220 கிலோ, நல்ல தார்ச்சாலையில் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) அளவுக்கு பிரேக் என்று வையுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் சுமார் 2,160 நியூட்டன். கீழ் பால் ஜாயின்ட் தரையிலிருந்து 650 மி.மீ. உயரத்திலும், மேல் ஜாயின்ட் அதற்கு 150 மி.மீ. மேலேயும் இருந்தால், மேல் ஜாயின்ட்டுக்கு வரும் விசை ஏறத்தாழ 9,350 நியூட்டன், அதாவது 950 கிலோ எடை தொங்குவதுபோல. கீழ் ஜாயின்ட்டுக்கு அதற்கும் மேல், 11,500. இடைவெளியை 200 மி.மீ. ஆக்கினால் மேல் ஜாயின்ட்டின் சுமை சுமார் 7,000-க்கு இறங்கும். பள்ளத்தில் விழும் அதிர்ச்சி இந்தக் கணக்கில் இல்லை, அதையும் சேர்த்து வலுவைத் தீர்மானியுங்கள். பழைய இரும்புக் கடையில் எடுத்த குழாயை நம்பாமல் சீம்லெஸ் (ஒட்டு இல்லாத) குழாய் வாங்குங்கள். விஷ்போன் முனைக்கு ராட் எண்ட் பேரிங் (மரைத்தண்டோடு வரும் பந்து மூட்டு) போட்டால் அதன் மரை வளையும்படி சுமை வரக் கூடாது, முறிவது அங்கேதான். சிறிய கார்களின் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் எடை கூடியது என்றாலும் நம்பகமானது.

இன்னொன்று ஆட்டம். கத்தரி லிங்க்கில் நான்கு மூட்டு, ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. தளர்வு, லிவர் நீளம் 50 மி.மீ. என்று வையுங்கள். எல்லாம் ஒரே பக்கம் கூடினால் ஹேண்டிலுக்கும் சக்கரத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 1 டிகிரி வெற்று ஆட்டம். நேர்ச்சாலையில் வண்டி மிதப்பதுபோல இருக்கும். ஓட்டுபவர் உடனே டிசைனைத் திட்டுவார், குற்றவாளி மூட்டுதான்.

சாலைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரங்கள் உற்பத்தியாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கல்லூரி மைதானமே போதும்.

யமஹா ஜிடிஎஸ்1000 என்ற வண்டியின் படம் பார்த்தேன். முன்பக்கம் ஒற்றைக் கை! இவ்வளவு நல்ல யோசனை ஏன் நிலைக்கவில்லை? – வேலூர், சத்துவாச்சாரி வாசகர்

1993-ல் வந்தது. முன்பக்கம் ஜேம்ஸ் பார்க்கர் வகுத்த, ஆர்.ஏ.டி.டி. எனும் ஒற்றைக் கை அமைப்பு. பிரேக் பிடித்தாலும் மூக்கு அதிகம் தாழாது, நெடுஞ்சாலையில் கல் போல நிற்கும். ஆனால் எடையும் விலையும் கூட. முன்சக்கரத்துக்கு 130/60-17 என்ற அபூர்வ அளவு டயர். அதே காலத்தில் சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும் தடித்து, விறைப்பாகி, நன்றாகவே முன்னேறிவிட்டது. கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று ஷோரூமில் கேட்டவருக்குச் சட்டென்று சொல்லப் பதில் இல்லை. யோசனை தோற்றதாக நாங்கள் நினைக்கவில்லை, கணக்குதான் உதைத்தது.

பழைய பிஎம்டபிள்யூ ஆர்1200ஜிஎஸ் ஒன்று விலைக்கு வருகிறது. அதன் முன்பக்க அமைப்பான டெலிலீவரில் என்ன பார்க்க வேண்டும்? ஏலகிரி மலையில் சரிப்படுமா? – ஆம்பூர் வாசகர்

வெளியே இரண்டு ஃபோர்க் குழாய் தெரியும், ஆனால் உள்ளே ஸ்பிரிங் இல்லை. சுமையைத் தாங்குவது எஞ்சினிலிருந்து நீளும் ஏ வடிவ ஆர்ம், அதோடு சேர்ந்த ஒற்றை ஷாக். குழாயில் இருக்கும் ஆயில் வழவழப்புக்கு மட்டுமே. ஆயில் சீல் ஒழுகினாலும் டேம்பிங் (அதிர்வை அடக்கும் வேலை) குறையாது. டிஸ்க்கில் சொட்டினால் பிரேக் போகும் என்பதால் அலட்சியம் வேண்டாம்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஆர்மின் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கட்டும். நீங்கள் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்பின் இழுங்கள், இன்னொருவர் விரலை அந்த மூட்டில் வைத்திருக்கட்டும். சிறு ‘டிக்’ உணர்ந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் உள்ளே மண் போயிருக்கும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முதலில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். சாதாரண ஃபோர்க் தாழ்வதை வைத்து முன்டயர் எவ்வளவு அழுந்துகிறது என்று கை கணக்குப் போடும். இதில் அந்தத் தகவல் குறைவு. முதல் சில வளைவுகளில் பிரேக்கை முன்கூட்டியே முடித்துவிட்டுத் திருப்புங்கள்.

என் ஆக்டிவா 5ஜி-க்கு 6ஜி-யின் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் மாட்டலாமா? – குடியாத்தம் வாசகர்

வேண்டாம். 6ஜி-யின் முன்சக்கரம் 12 அங்குலம், உங்களுடையது 10. ஃபோர்க்கோடு சக்கரம், பிரேக், மட்கார்டு என்று வரிசையாக மாற்ற வேண்டிவரும். அந்தப் பணத்தில் பாதிகூட ஆகாமல் இப்போதைய லிங்க் புஷ்களையும் முன் ஷாக்குகளையும் புதிதாகப் போட்டுவிடலாம்.